தந்தி வந்த இரவு

பம்பாயில் குடியேறிய தமிழரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் தாராவியின் தோல் தொழிலைப் பற்றி எழுதுவர். மாதுங்காவின் பள்ளிகளையும் பஜனை சமாஜங்களையும் பற்றி எழுதுவர். செம்பூரில் இசையும் நாட்டியமும் வளர்ந்த கதையையும் எழுதுவர். இவையெல்லாம் எழுதத்தக்கனவே. ஆயினும் அச்சரித்திரத்தில் இடம்பெறாத காகிதம் ஒன்று உண்டு. நேயர்களுள் முதியவர்களாக இருப்போர் அதனைக் கையில் வாங்கியிருப்பீர்கள். அதுதான் தந்தி.

"ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி." நான்கே சொற்கள். தந்திக்குச் சொற்கணக்கில் கட்டணம் ஆதலின் அதற்குமேல் எழுத ஊரில் எவருக்கும் மனம் வராது. ஆனால் அந்நான்கு சொற்களின் பொருள் வாங்குகிறவருக்குத் தெரியும். 'சீரியஸ்' என்று வந்தால் பெரும்பாலும் உயிர் பிரிந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதினால் வழியில் பிள்ளை மனமுடைந்து போவான் என்று அஞ்சி, ஊரார் அவ்வாறு எழுதுவித்தனர். அன்பினால் சொன்ன அந்தப் பொய்யே பிற்காலத்தில் பெரிய வேதனைக்கு வித்தாயிற்று. ஏனெனில், 'தந்தி வந்தபோது அப்பா உயிரோடிருந்தார், நான்தான் போய்ச் சேரவில்லை' என்று நம்பியே பலர் தம் ஆயுளைக் கழித்தனர். தந்தி முறை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அது விட்டுச் சென்ற மனப்புண்கள் நின்றபாடில்லை.

எனக்கும் 1979-ஆம் ஆண்டில் அப்படியொரு தந்தி வந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் தூரத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். பம்பாயிலிருந்து தென்கிழக்கே வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து வடமேற்கே சென்ற இருப்புப்பாதையும் 1871-ஆம் ஆண்டில் ராய்ச்சூரில் ஒன்றுசேர்ந்தன. 1876-இல் திருநெல்வேலிக்கும் ரயில் வந்தது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் நடவாதிருந்தால் தாராவியில் தமிழ் ஒலித்திராது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் பின்னர்ப் பிறரும் அங்கே வந்து குடியேறினர். அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் சேர்ந்தவர்கள் மாதுங்காவை நாடினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே 1932-இல் தோன்றிற்று. டிராம்பேயில் 1954-இல் அணுசக்தி நிலையம் அமைந்தது. அருகில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் எழுந்தன. இதன்பின் செம்பூரில் தமிழ்க் குடும்பங்கள் பெருகின. சாதியாலும் படிப்பாலும் வருவாயாலும் இம்மூன்று இடத்தவரும் வெவ்வேறானவர்கள். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவது அரிது. ஆனால் தந்தி வந்த இரவில் மூவர் வீட்டிலும் ஒரே பேச்சுத்தான் எழுந்தது.

"நான் பக்கத்தில் இருந்திருந்தால்..."

ஊருக்குச் செல்லச் சென்னை வழியாகச் சுமார் இரண்டு நாள் ஆகும். நம் நாட்டு வெயிலில் உடலை அவ்வளவு நேரம் வைத்திருக்க இயலாது. ஆதலின் தந்தியைக் கண்டவுடன் புறப்பட்டவனும் சாம்பலைத்தான் கண்டான். 'பிழைப்பைத் தேடி வந்தேன். பெற்றவர்களைக் கைவிட்டேன்' என்று தனக்குத்தானே தீர்ப்புக் கூறிக்கொண்டான். இத்தீர்ப்பு சரியானதுதானா என்பதே இன்று நாம் ஆராயப் போகும் பொருள். இதற்குத் துணையாக, பம்பாய்த் துறைமுகத்திலேயே இத்தகைய செய்தியைக் கேட்ட ஒருவரின் வரலாறு நமக்குக் கிடைத்திருக்கிறது.

1891-ஆம் ஆண்டு ஜூலை மாதம். பருவமழைக் காலம், கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று மூன்றாண்டுகளுக்குப் பின் திரும்பிய இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கினார். துறைமுகத்தில் தமையனார் காத்திருந்தார். தாயைக் காணவேண்டும் என்ற ஏக்கத்தோடு வந்த அவ்விளைஞருக்கு, தாய் காலமாகிவிட்டார் என்ற செய்தி அப்போதுதான் சொல்லப்பட்டது. அவர் இங்கிலாந்தில் இருக்கும்போதே தாய் இறந்துபோனார். அந்நிய நாட்டில் தனியே இருக்கும் தம்பிக்கு அந்த அடி வேண்டாம் என்று தமையனார் மறைத்து வைத்திருந்தார். நம் ஊரார் 'சீரியஸ்' என்று தந்தி கொடுத்ததும் இதுவும் ஒரே இயல்பின அல்லவா?

அவ்விளைஞர்தாம் மோகன்தாஸ் காந்தி. தம் சுயசரிதையில் இதனை அவர் எழுதியிருக்கிறார். தந்தையார் மறைந்தபோது கொண்ட துயரினும் இது பெரிதாக இருந்தது என்றும், ஆயினும் தாம் கதறவில்லை, கண்ணீரையும் அடக்க முடிந்தது, எதுவும் நேராததுபோல அன்றாட வாழ்வில் ஈடுபட்டதாகவும் கூறுகிறார். இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கடல் கடந்து போனதற்காக அவர் தம்மைப் பழித்துக்கொள்ளவில்லை. பழிப்பதற்குக் காரணம் வேண்டிய அளவு இருந்தது. 1888-இல் புறப்படும் முன்னர், கடல் கடப்பது தவறு என்று பம்பாயிலிருந்த அவருடைய சாதியார் கூட்டம் கூட்டி, அவரைச் சாதியினின்றும் விலக்கியே வைத்தனர். 'ஊராரின் சொல்லைக் கேளாமல் போனாய். தாயின் முகத்தைக் காணாமல் போனாய்' என்று அவருடைய நெஞ்சம் அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எழுதியதில் அத்தகைய சொல் ஒன்றும் இல்லை. துயரம் இருக்கிறது, தற்பழி இல்லை.

இனி, அதற்கு ஆறாண்டுகளுக்கு முன் நடந்ததைக் காண்போம். 1885-இல் ராஜகோட்டில் அவருடைய தந்தையார் கரம்சந்த் காந்தி நோயுற்றுப் படுத்திருந்தார். மகனுக்குப் பதினாறு வயது. ஒவ்வோர் இரவும் தந்தையின் கால்களைப் பிடித்துவிடுவதும், மருந்து கொடுப்பதும், புண்ணைக் கட்டுவதும் அவர் பணி. அன்றிரவு பத்தரை மணியோ பதினொன்றோ இருக்கும். சிறிய தந்தையார் வந்து, 'நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ' என்றார். மகன் தம் மனைவி உறங்கிய அறைக்குச் சென்றார். ஐந்தாறு நிமிடங்களில் வேலைக்காரர் கதவைத் தட்டினார். தந்தையின் உயிர் பிரிந்துவிட்டது.

அந்த ஐந்தாறு நிமிடங்களைக் காந்தியடிகள் மன்னிக்கவே இல்லை. நவஜீவன் இதழில் 1925 முதல் சுயசரிதையை எழுதியபோது, நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், அதனை அழிக்கவோ மறக்கவோ முடியாத களங்கம் என்றே குறித்தார். சில நாளில் தமக்குப் பிறந்த குழந்தை இறந்ததையும் அந்த வெட்கத்தோடு சேர்த்து எண்ணினார். அமெரிக்க உளநூல் அறிஞர் எரிக் எரிக்சன் 1969-இல் வெளியிட்ட நூலில் இந்த இரவை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பெரியோர் பலர் வாழ்வில் இத்தகைய தீராக் கணக்கு ஒன்று இருக்கக் காணலாம் என்பது அவர் கருத்து. அக்கருத்தை நான் முற்றும் ஏற்கிறேன் என்று சொல்லமாட்டேன். பெரியோர் அல்லாதார் வாழ்விலும் அது நிறையவே இருக்கிறது.

அன்பர்களே, இவ்விரண்டு மரணங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தாய் இறந்தபோது மகன் ஏழு கடல்களுக்கு அப்பால் இருந்தார், தம்மைப் பழிக்கவில்லை. தந்தை இறந்தபோது அதே வீட்டில் அடுத்த அறையில் இருந்தார்; ஆயுள் முழுதும் பழித்துக்கொண்டார். எனவே தற்பழிப்பை உண்டாக்குவது தூரம் அன்று. 'தூரத்தில் இருந்ததால்தான் இந்த வேதனை' என்று எண்ணும் நம்மவர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

இன்னும் ஒரு நுட்பம் அந்தச் சுயசரிதையில் இருக்கிறது. தந்தையாருக்கு அறுவைச் சிகிச்சை செய்வதாக ஏற்பாடு நடந்தது. பம்பாயில் பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் செய்வதாக இருந்தது. முதிய வயதில் அது கூடாது என்று குடும்ப வைத்தியர் தடுத்துவிட்டார்; வாங்கிய பொருள்களோடு தந்தையார் பம்பாயிலிருந்து திரும்பினார். அச்சிகிச்சை நடந்திருந்தால் புண் எளிதில் ஆறியிருக்கும் என்பது தம் எண்ணம் எனக் காந்தியடிகளே எழுதுகிறார். உயிரோடு தொடர்புடைய முடிவு அதுதான். ஆனால் அவ்வைத்தியர் மீது அவர் குற்றம் சுமத்தவில்லை. தகுதியுடையவர், தமக்குத் தெரிந்தபடி செய்தார் என்ற அளவில் அவரை விட்டுவிடுகிறார். மரணத்தைச் சிறிதும் மாற்றியிராத ஐந்து நிமிடங்களுக்காகத் தம்மை மட்டும் கூண்டில் ஏற்றினார். பிறருக்கு அளித்த நீதியைத் தமக்கு அளிக்கவில்லை. அவர் மகாத்மா, பல துறைகளில் அவரைப் பின்பற்ற நமக்கு வலிமை போதாது. இத்துறையில் மட்டும் நாம் எல்லோரும் அவரை எளிதில் பின்பற்றுகிறோம்!

இந்நிலையை மேலைநாட்டு மருத்துவர்களும் ஆராய்ந்தனர். 1917-இல் வெளியிட்ட கட்டுரையில் சிக்மண்ட் பிராய்ட், இயல்பான துக்கத்தில் மனிதன் உலகத்தை வறுமையாகக் காண்கிறான், மனச்சோர்வு நோயிலோ தன்னையே வறுமையாகக் காண்கிறான் என்று பிரித்துக் காட்டினார். தன்னைத் தூற்றுவது நோயின் அறிகுறி என்றார். ஆனால் 1942 நவம்பர் 28-ஆம் நாள் பாஸ்டன் நகரில் கோகோநட் குரோவ் என்னும் இரவு விடுதி தீப்பற்றி எரிந்து, 492 பேர் மாண்டனர். அவர்களுடைய உறவினர்களுட் பலரைக் கண்டு பேசிய எரிக் லிண்டமன் என்னும் மருத்துவர் 1944-இல் எழுதிய கட்டுரையில் வேறொன்றைக் கூறினார். நோயாளிகள் அல்லாத சாதாரண மனிதரும், இறந்தவரோடு கழித்த கடைசி நாட்களைத் துருவித் துருவிப் பார்க்கின்றனர். தாம் செய்யத் தவறிய சிறு காரியத்தைப் பெரிதாக்கித் தம்மைக் குற்றவாளியாக்கிக் கொள்கின்றனர் என்பது அவர் கண்டது. தாராவியிலும் மாதுங்காவிலும் தந்தி வாங்கியவர்கள் பித்தர்கள் அல்லர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஏன் இவ்வாறு பெரிதாகிறது? இதற்கும் ஒரு சோதனை உண்டு. நம் நாட்டுச் சரித்திரத்தோடு தொடர்புடையதாதலின் சொல்கிறேன். பரூக் பிஷ்ஷாப் என்னும் ஆராய்ச்சியாளர் 1975-இல் சிலரிடம், ஆங்கிலேயருக்கும் கூர்க்கர்களுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த போரைப் பற்றிய குறிப்பு ஒன்றைக் கொடுத்தார். ஒரு கூட்டத்தாரிடம் ஆங்கிலேயர் வென்றனர் என்றார். வேறொரு கூட்டத்தாரிடம் கூர்க்கர் வென்றனர் என்றார். குறிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு கூட்டத்தாரும் தமக்குச் சொல்லப்பட்ட முடிவே நிகழக்கூடியதாக முன்னமே தெரிந்தது என்று கருதினர். முடிவு தெரிந்தபின், அது முன்பே தெரிந்திருந்ததுபோல நெஞ்சம் நம்மை ஏமாற்றுகிறது. சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தால் அப்பாவைப் பார்த்திருக்கலாமே என்று அழுகிறவன், அது அப்பாவின் கடைசிப் பொங்கல் என்று இன்று அறிந்த அறிவைக்கொண்டு அன்றைய தன்னை விசாரிக்கிறான். நீதிபதிக்குத் தெரிந்தது குற்றவாளிக்குத் தெரியாது. இது நியாயமான விசாரணை ஆகாது.

அப்படியானால் நாம் செய்ததெல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டு சும்மா இருக்கலாமா? அதுவும் அன்று. கடிதம் எழுதாதவன் எழுதாதவன்தான். பணம் அனுப்பாதவன் அனுப்பாதவன்தான். ரோனி ஜானாப் புல்மன் என்னும் உளநூலார் 1979-இல் இதில் ஒரு வேறுபாட்டை நிறுவினார். தான் செய்த செயலைக் குறைகூறுவது ஒன்று. தன் இயல்பையே குறைகூறுவது மற்றொன்று. முன்னது அடுத்த முறை வேறாகச் செய்ய வழி காட்டும். பின்னது வழியை அடைக்கும். 'மாதம் ஒரு கடிதம் எழுதியிருக்கவேண்டும்' என்பவன், இன்னும் உயிரோடிருக்கும் தாய்க்கு எழுதத் தொடங்கலாம். 'நான் பெற்றோரை மதியாத பாவி' என்பவனுக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை.

இவ்வேறுபாட்டைத் தமிழர் அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரத்தில் கோவலன் யார்? பிறந்த ஊரை விட்டு, முதிய பெற்றோரை விட்டு, பிழைப்பைத் தேடி வேற்று நாட்டுத் தலைநகருக்குப் போனவன்; அதாவது நம்மைப் போன்றவன். மதுரையை அடையும் முன் மாதவி விடுத்த ஓலை அவன் கைக்கு வருகிறது. அதைப் படித்தவன், குற்றம் அவளுடையதன்று, தன்னுடையதே என்று உணர்கிறான். உணர்ந்ததும் சோர்வு மிகவில்லை. அவன் சோர்வு நீங்கிற்று என்கிறார் இளங்கோவடிகள். உடனே அவன் செய்த காரியம், அவ்வோலையையே பெற்றோருக்கு அனுப்பி அவர்கள் துயரைத் தீர்க்கச் சொன்னதுதான். பின்னர் ஆயர் சேரியில், பெற்றோருக்குச் செய்யவேண்டிய பணியில் தவறினேன் என்று கண்ணகியிடம் அவன் வருந்துகிறான். கண்ணகி என்ன சொல்கிறாள்? 'இல்லை, நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை' என்று ஆறுதல் சொல்லவில்லை. நீங்கள் நடந்துகொண்ட முறை போற்றத்தக்கதன்று என்று நேரே சொல்கிறாள். சொல்லிவிட்டு, நீங்கள் அழைத்தீர்கள், எழுந்து வந்தேன் என்கிறாள். செயலைக் குற்றம் என்றாள், செய்தவனைக் கைவிடவில்லை. பிறர் நம்மிடம் அவ்வாறு நடந்துகொண்டால் அதனைப் பெரும்பேறு என்போம். நம்மிடம் நாமே அவ்வாறு நடந்துகொள்ளலாகாதா?

அதே காப்பியத்தில் பாண்டியனும் தன்னைப் பழித்துக்கொண்டான். அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தான். அவன் மரணத்தை வீரமாகப் பாராட்டிப் பேசாத மேடை தமிழகத்தில் இல்லை. எனக்கு மட்டும், அவன் உயிரோடிருந்து கோவலன் குடும்பத்துக்கு ஏதேனும் செய்திருக்கலாமே என்று தோன்றுவதுண்டு. ஆனால் இதைச் சொன்னால் புலவர்கள் சினம் கொள்வர்.

பழைய நாட்டுப்புற வழக்கங்களிலும் ஒரு மனமருத்துவம் அமைந்திருந்தது. ஒப்பாரி வைக்கும் பெண்கள் இறந்தவரின் பெருமையை மட்டும் பாடுவதில்லை. தாம் செய்யத் தவறியதையும் ஊர் கேட்கச் சொல்லி அழுவர். கட்டிக்கொண்டு அழுகிற மற்றொருத்தி அதைக் கேட்டுக்கொள்வாள். தற்பழி வாய்விட்டு வெளியே வந்து, பலர் செவியில் விழுந்து, கரைந்துபோகும். ஆண்களுக்கு அதுவும் இல்லை; அவர்கள் வாசல் திண்ணையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பர். எனினும் பதினாறாம் நாள், ஆண்டுத் திதி என்று துக்கத்துக்கு ஒரு கணக்கும் எல்லையும் இருந்தன. பம்பாய்க்கு வந்தவனுக்கு இவை குறைந்தன. எட்டு நாள் விடுப்பில் போய்த் திரும்புவான். அடுத்த நாள் ஆலைச் சங்கு ஊதும், அல்லது அலுவலகக் கையெழுத்துப் புத்தகம் காத்திருக்கும். அழுது முடிக்காதவன் வண்டி ஏறுவான்.

2020 மார்ச்சில் இந்தக் குறையும் உச்சத்தை அடைந்தது. கொரோனா நோயைத் தடுக்க நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. பயணிகள் ரயில்கள் நின்றன. ஏப்ரல் 1-ஆம் நாள் தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அதற்குப் பின் அப்பகுதி மக்கள் தெருவை விட்டே நகர முடியவில்லை. அந்நாளில் திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ தாயை இழந்தவர்கள் கைப்பேசித் திரையில் ஈமச்சடங்கைக் கண்டனர். 'தந்தியாவது இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேரச் சொன்னது. இது பார்க்கச் சொல்லிவிட்டுப் போகவிடாமல் தடுத்தது' என்று முதியவர் ஒருவர் என்னிடம் கூறினார். அரசாங்கமே வழியை அடைத்த நாளிலும் 'நான் எப்படியாவது போயிருக்கவேண்டும்' என்று தம்மைப் பழித்துக்கொண்டவர்கள் இருந்தனர். முடியாததைச் செய்யாததற்கும் மனிதன் தனக்குத் தண்டனை விதித்துக்கொள்கிறான் என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

இத்தகைய வேதனையை யாரிடமேனும் சொல்வதற்கு இந்நகரில் இடங்கள் உண்டு. சமூகப்பணிக் கல்விக்கென நம் நாட்டில் முதலில் எழுந்த பள்ளி பம்பாயில் 1936-இல் தோன்றியது. டாட்டா சமூகவியல் நிறுவனம் எனப் பின்னர்ப் பெயர் பெற்று, 1954 முதல் செம்பூரை அடுத்த தேவனாரில் இருக்கிறது. தொலைபேசியில் மன ஆறுதல் கூறும் பணியொன்றை அது 2012-இல் தொடங்கியது. 2022 அக்டோபரில் மத்திய அரசும் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்னும் இலவசச் சேவையைப் பல மொழிகளில் தொடங்கியிருக்கிறது. உறக்கமும் உணவும் கெட்டு, வாழவே தகுதியில்லை என்னும் எண்ணம் வருமாயின், அண்டை வீட்டாரின் ஆறுதல் போதாது; மருத்துவரைக் காண்பதில் வெட்கமும் வேண்டா.

இனி என் தந்தியைப் பற்றி. 1979-இல் அது மாதுங்காவில் நான் தங்கியிருந்த அறைக்கு மாலை ஆறு மணிக்கு வந்தது. அன்றிரவே வண்டி ஏறினேன். மூன்றாம் நாள் காலை ஊரை அடைந்தபோது, வாசலில் தெளித்த தண்ணீர்கூட உலர்ந்திருந்தது. பல ஆண்டுகள் நான் அந்தப் பயணத்தையே மனத்தில் மறுபடியும் மறுபடியும் செய்துகொண்டிருந்தேன். தந்தையின் கடைசி நேரத்தைப் பற்றி என் தங்கையிடம் நான் கேட்டதே இல்லை. கேட்டால் அவள் என்னைக் குற்றம் சொல்வாள் என்று அச்சம். அவள்தான் அவரோடு இருந்தவள். ஓராண்டு முழுதும் பார்த்துக்கொண்டவள்.

ஊரடங்கு நீங்கிய பின் ஊருக்குப் போயிருந்தபோது, ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்ச் சொன்னாள்: "கஞ்சி ஆறிப்போச்சுன்னு சுடவைக்க அடுப்படிக்குப் போனேன், அண்ணே. திரும்பி வரதுக்குள்ள போயிட்டாரு. அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் இத்தனை வருஷமும் நான் வாயைத் திறக்கலை."